அகன்ற லென்ஸ் வாங்குமுன் அளவு நாடாவை எடுங்கள்

சென்ற ஆண்டு தீபாவளி கழிந்த மூன்றாம் வாரம். எங்கள் தோட்டத்து மேல் லயத்தைக் காலி செய்ய நாள் குறித்துவிட்டார்கள். "ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், சார். நீங்கள்தான் எடுத்துத் தரவேண்டும்" என்று கோயில் தலைவர் கேட்டுக்கொண்டார். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் படம் எடுப்பவன் நான். மறுக்க மனம் வரவில்லை.

கோயில் வாசலில் பதினைந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். வரிசையின் நீளம் முப்பது அடி. நான் பின்னால் நகரப் பன்னிரண்டு அடிதான் இடம். அதற்கப்பால் பெரிய சாக்கடை. நண்பர் ஒருவரிடம் 14 மி.மீ. லென்ஸை இரவல் வாங்கி வைத்திருந்தேன். மாட்டிப் பார்த்தேன். ஒருவர் விடாமல் அனைவரும் படத்துக்குள் வந்துவிட்டார்கள். எனக்கு ஒரே மகிழ்ச்சி.

படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த அன்றுதான் என் தவறு தெரிந்தது. "நடுவில் மற்றவர்கள் உட்காரட்டும்" என்று தோட்டத்திலேயே மூத்த பாட்டி ஓர நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி படத்தைப் பார்த்துவிட்டு, "சார், பாட்டி மொகம் ஏன் இப்படி இழுத்துகிட்டு இருக்கு?" என்று கேட்டாள். பூசணிக்காயைப் பக்கவாட்டில் அமுக்கி இழுத்தாற்போல் இருந்தது முகம். மூன்று மாதத்தில் பாட்டி காலமானார். அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட படம் அதுதான். கணினியில் ஓரளவுக்குச் சரிசெய்து கொடுத்தேன். என் மனம் மட்டும் ஆறவில்லை.

ஆகவே அகன்ற கோண லென்ஸ் வாங்க ஆசைப்படும் வாசகர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

எவ்வளவு அகலம் வேண்டும்?

'முழுச் சட்டகக் கேமரா' என்பதில் ஒளியை வாங்கும் தகட்டின் அளவு 36 மி.மீ.க்கு 24 மி.மீ. பழைய 35 மி.மீ. பிலிம் கட்டத்தின் அளவும் இதுவே. லென்ஸின் எண் சிறுக்கச் சிறுக்கப் பார்வை அகலும். 24 மி.மீ.க்குக் கீழ்ப்பட்டவற்றை மிக அகன்ற லென்ஸ் என்பார்கள்.

எத்தனை அடி அகலம் படத்தில் அடங்கும் என்பதை அறிய நான்காம் வகுப்புக் கணக்குப் போதும். 36ஐ லென்ஸின் எண்ணால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். பத்தடி தூரத்தில் நின்றால் 50 மி.மீ. லென்ஸில் ஏழடி அடங்கும். 28இல் ஏறத்தாழப் பதின்மூன்று அடி. 24இல் பதினைந்து அடி. 20இல் பதினெட்டு அடி. 14இல் இருபத்தைந்து அடிக்குச் சற்று மேல்.

இன்னொரு கணக்கும் உண்டு. லயத்து அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்றால் அறை முழுவதையும் காண 90 பாகை வேண்டும். 18 மி.மீ. லென்ஸின் கிடைமட்டப் பார்வை சரியாக 90 பாகை. 20 மி.மீ. 84 பாகையைக் காட்டும். 14 மி.மீ. 104 பாகை. அந்த மிச்சப் பாகைகளில் தெரியப் போவது நம் தோளை ஒட்டிய சுவரே. வீட்டு அறை, கோயில் உள்மண்டபம், வகுப்பறை ஆகியவற்றுக்கு 18 முதல் 20 வரை போதும். அதற்குக் கீழே போகப் போக விலையும் எடையும்தான் கூடும்.

முகம் ஏன் இழுபடுகிறது?

டார்ச் விளக்கைச் சுவரை நோக்கிப் பிடித்து, நடுவில் ஒரு பந்தைக் காட்டுங்கள். நிழல் வட்டமாக விழும். பந்தை ஓரத்துக்கு நகர்த்தினால் நிழல் முட்டையாக நீளும். லென்ஸும் அதையேதான் செய்கிறது. 14 மி.மீ. படத்தின் இடவல ஓரங்களில் ஒரு தலை ஒன்றரை மடங்குக்கும் மேலாக நீளும். 20இல் மூன்றில் ஒரு பங்கு நீளும். 35இல் எட்டில் ஒரு பங்குதான், கண்ணை உறுத்தாது. ஓரம் வளையாத விலையுயர்ந்த லென்ஸிலும் இப்படித்தான் நேரும். காசு கொடுத்துத் தீர்க்கக்கூடிய குறையன்று இது.

குழுப் படத்துக்கு 35 மி.மீ. நல்லது. மக்கள் எத்தனை அடி அகலத்துக்கு நிற்கிறார்களோ, அத்தனை அடி பின்னால் நாம் நின்றால் போதும். அன்றைக்கு நான் சாக்கடைக்கு அப்பால் போய் நின்றிருக்கலாம். நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டிருக்கலாம். செலவு ஒரு காசு இல்லை.

எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்?

எனக்கு வாய்த்தது, பிறர் பயன்படுத்திய நிக்கான் டி610 கேமரா. லென்ஸுக்கு ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு மேல் ஒதுக்க வழியில்லை. அதனால் எவையெல்லாம் வேண்டாம் என்று முதலில் பட்டியல் போட்டேன்.

முதலாவது, எஃப் 2.8 போன்ற பெரிய ஒளித்துளை. அறையையும் கட்டடத்தையும் முக்காலியில் வைத்து எஃப் 8இல்தான் எடுக்கப் போகிறோம். இரவு வானத்து விண்மீன்களை எடுப்பவர்களுக்குத்தான் பெரிய துளை அவசியம்.

இரண்டாவது, தானே குவியும் வசதி. 20 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து, ஐந்தரை அடி தூரத்துக்குக் கையால் குவித்துவிட்டால், ஏறத்தாழ மூன்றடி முதல் தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும்.

இவ்விரண்டையும் கழித்துப் பார்த்தால் பழைய லென்ஸுகள் பல நம் கைக்கு எட்டும். நிக்கானின் 20 மி.மீ. எஃப் 2.8 டி சிறியது, எடை குறைந்தது. ஓரங்கள் எஃப் 8இல் நன்றாகத் தெளியும். அதற்குள் மோட்டார் இல்லை என்பதை மட்டும் மறக்கக்கூடாது. கேமராவில் மோட்டார் இருந்தால்தான் தானே குவியும், எஃப்.டி.இசட். இணைப்பான் போட்டு நிக்கானின் இசட் கேமராக்களில் மாட்டினால் கையால்தான் குவிக்க வேண்டும். கேனன் வைத்திருப்போர் 2003இல் வெளிவந்த 17-40 மி.மீ. எஃப் 4 எல் லென்ஸைப் பழைய விலைக்குத் தேடலாம். கேனனின் ஆர்.எஃப். கேமராவுக்கு 2021இல் வந்த 16 மி.மீ. எஃப் 2.8 இருக்கிறது, எடை 165 கிராம்தான். 14 மி.மீ.யே வேண்டும் என்பவர்களுக்குச் சாம்யாங் மலிவு. கையால் குவிக்க வேண்டும். முன்கண்ணாடி புடைத்திருப்பதால் சாதாரண வடிகட்டி மாட்ட முடியாது. நேர்க்கோடுகள் மீசைபோல் நெளியும், கணினியில் சரிசெய்ய வேண்டும்.

ஒரு பொறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறிய தகட்டுக் கேமராவுக்கென்று செய்த 10-20 மி.மீ. லென்ஸுகள் மலிவாகக் கிடைக்கும். நிக்கானின் முழுச் சட்டகக் கேமராவில் அவை மாட்டும். ஆனால் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். 24 மெகாபிக்சல் ஏறத்தாழப் பத்தாகக் குறையும். கேனனின் இ.எஃப்.-எஸ். லென்ஸோ இ.எஃப். முழுச் சட்டகக் கேமராவில் மாட்டவே மாட்டாது.

நம் நாட்டு எதிரி

பழைய லென்ஸ் வாங்கும்போது நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சணம். ஆண்டு முழுதும் ஈரக் காற்று. அலமாரிக்குள் மூடி வைத்த லென்ஸில் சிலந்தி வலைபோல் நூல் நூலாகப் படர்ந்திருக்கும். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். ஒளித்துளையின் இதழ்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று தெளிவாகவும் மற்றொன்று மங்கியும் இருந்தால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது என்று பொருள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

இப்போதைக்குக் கையில் காசில்லையா? இருக்கிற லென்ஸாலேயே, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கைத் தழுவுமாறு வரிசையாக எடுத்து, ஹூகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டலாம். ஆளில்லாத இடங்களுக்கு இது நன்றாகவே பயன்படும்.

நான் 20 மி.மீ. லென்ஸைப் பழைய விலைக்கு வாங்கினேன். மேல் லயம் இடிபடுவதற்கு முந்திய வாரம், கேமராவை நெஞ்சுயரத்தில் மட்டமாக வைத்து, ஒவ்வொரு வீட்டு அறையையும் எடுத்தேன். மேலே சாய்த்தால் தூண்கள் உட்சாயும், அதனால்தான் மட்டம். சாமி மாடம், அடுப்படிக் கரி, கதவில் பிள்ளைகளின் உயரத்தைக் கீறிய கோடுகள் எல்லாம் இருக்கின்றன. பாட்டியின் வீட்டையும் எடுத்தேன். அவர் வழக்கமாக உட்காரும் பலகை சன்னலோரம் அப்படியே இருந்தது. அந்தப் படத்தைப் பேத்தியிடம் கொடுத்தேன். "இது நேரா இருக்கு சார்" என்றாள்.

உங்கள் தோட்டத்திலும் ஒரு லயம் நின்றுகொண்டிருக்கலாம். லென்ஸைத் தேடி வீணாக நாளைக் கழிக்காதீர்கள். முதியவர்களை நடு நாற்காலியில் உட்கார வைத்து, இருக்கிற கேமராவால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.