‘தாய்மொழி’ என்ற ஒரு சொல்லும் ஆசிரியர்கள் மாணவர்களாகும் வகுப்பும்



‘மாணவர் பன்மைத்தன்மை’ என்றதும் நம் மனசுக்கு வருவது பள்ளிப் பிள்ளைகள்தான், இல்லையா? ஆசிரியர்களே மாணவர்களாக உட்காரும் வகுப்பிலும் அது உண்டு. சிங்கப்பூரை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

எங்கே, யார்?

இங்கே பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது தேசியக் கல்விக் கழகம். 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1973இல் கல்விக் கழகமாகி, 1991இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமானது. அங்கே கல்வியியல் முதுநிலைப் பட்டம் படிப்பவர்களில் பலர், பகலில் பாடம் நடத்திவிட்டு மாலையில் வகுப்புக்கு வருபவர்கள். தொடக்கநிலை, உயர்நிலை ஆசிரியர்கள், சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், வெளிநாட்டு மாணவர்கள் என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்காரலாம்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்

அந்த மேசையில் ‘தாய்மொழி’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், “வீட்டில் பேசும் மொழிதானே?” என்பார். சீன ஆசிரியர், “எங்க பாட்டி பேசினது ஹொக்கியன், பள்ளியில நான் படிச்சது மாண்டரின்” என்று சொல்லக்கூடும். தமிழாசிரியருக்குத் தன் வகுப்பில் இருக்கும் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை நினைவுக்கு வரலாம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பள்ளியில் படிக்கும் ‘தாய்மொழி’ மட்டுமே.

சிங்கப்பூரில் இந்தச் சொல் பெரும்பாலும் இனத்தோடு இணைந்த பாடமொழியைக் குறிக்கிறது. இந்திய மாணவர்கள் தமிழ் மட்டுமல்ல, வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றில் ஒன்றையும் எடுக்கலாம். அதோடு, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 5 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்.

இதனால் நமக்கு என்ன?

‘பிள்ளை தமிழைக் கேட்டு வளர்ந்துதான் வகுப்புக்கு வருது’ என்று நினைத்துப் பாடம் தயாரித்தால், கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் கண்ணுக்கு ‘ஆர்வமில்லாத பிள்ளை’ ஆகிவிடுகிறது. உண்மையில் அந்தப் பிள்ளைக்கு இல்லாதது ஆர்வம் அல்ல, பழக்கம். நாமே கவனிக்காத அனுமானத்தை வேறு பின்னணி கொண்ட சக மாணவர் ஒரே கேள்வியில் எடுத்துக்காட்டிவிடுவார். பன்மைத்தன்மையின் பெரிய பயன் இதுதான்.

ஆனா அது தானாக நடக்காது. தமிழாசிரியர்கள் எல்லாரும் ஒரே குழுவாக ஒதுங்கி உட்கார்ந்தாலோ, ஆங்கிலத்தில் நடக்கும் கலந்துரையாடலில் தயங்கிப் பேசாமலிருந்தாலோ அந்தப் பயன் கிடைக்காது. விரிவுரையாளர் குழுக்களைக் கலந்து அமைக்க வேண்டும். ஒருவரை அவருடைய இனம் முழுவதற்கும் பேச்சாளர் ஆக்கிவிடவும் கூடாது. அவர் பேசுவது தன் அனுபவத்தை மட்டுமே.

தேர்வு எழுதுபவர்களுக்கு

இந்தக் கேள்வி வந்தால் இனம், நாடு என்று பட்டியல் போட்டு நிறுத்தாதீங்க. வீட்டுமொழி, கற்பிக்கும் நிலை, பணி அனுபவம், வயது ஆகியவற்றையும் சேருங்கள். ஒவ்வொன்றும் கற்றலை எப்படி மாற்றுகிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். எடுத்துக்காட்டு இல்லாத விடை பாதி விடைதான்.

நாளைக்கே செய்யலாம்

சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர்கள் பல பள்ளிகளிலிருந்து அங்கே வந்து படிக்கிறார்கள். அங்கேயோ உங்கள் பள்ளியிலோ, பாடம் தொடங்கும்முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “வீட்டுல யார்கிட்ட எந்த மொழியில பேசுவீங்க?” வரும் பதில்களைக் கேட்டுவிட்டு அன்றைய பாடத்திட்டத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். மாற்ற வேண்டிய இடம் உங்களுக்கே தெரியும்.