மழைக் கணக்கு தெரியும். மண்ணுக்குள் இருக்கும் கணக்கு?

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். சாலை ஓரத்தில் வாய்க்கால், அதைத் தாண்டினால் செம்பனை, செம்பனைக்கு நடுவே மறுபடியும் வாய்க்கால். பெர்ணம் ஆறு கடலைத் தேடிப் போகும் தாழ்வான பூமி இது. 1906-இல் டென்மார்க் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனி முதல், இங்கே தோட்டம் போட்ட எல்லாருக்கும் காடழிப்பதோடு வேலை முடியவில்லை. தண்ணீரையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. அந்த வாய்க்கால்களில் நம் தாத்தாக்களின் வியர்வையும் ஓடியிருக்கிறது.

அதனால்தானோ என்னவோ, தண்ணீர் என்றாலே விரட்ட வேண்டியது என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போய்விட்டது. குழாயில் ஆற்றுநீர் வருகிறது. வீட்டுக் கிணற்றை மறந்து பல காலம் ஆகிறது. வானொலியில் நானும் “மாலையில் இடியுடன் கூடிய மழை” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறேன். அந்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் தங்கியது என்று நேயர் ஒருவரும் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய ஊர் நம்முடையது. கீழ்ப்பேராக் கரையோரத்தில் களிமண்ணோடு பீட் மண்ணும் இருக்கிறது. மலாயில் ‘தானா கம்புட்’. பல்லாயிரம் ஆண்டுகளாக நீருக்குள் மக்காமல் கிடந்த இலையும் வேரும் மரமும்தான் அது. நீர் இறங்கினால் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கும், நிலம் தாழும். வடிகால் வெட்டிய முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும், பிறகு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதமும் தாழ்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. 20 ஆண்டுக்கு ஒரு மீட்டர். செம்பனை மரங்கள் குடித்தவனைப் போலச் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, வேருக்கடியில் மண் போய்விட்டது என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்த பீட் மண்ணில் தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். லேசான மழைக்கு அணையாது.

களிமண்ணுக்கும் ஒரு சங்கடம் உண்டு. கரையோரக் களிமண்ணில் சில இடங்களில் பைரைட் என்ற கந்தகக் கனிமம் புதைந்திருக்கிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகி வேரைச் சுட்டுவிடும்.

எனவே வடித்தாலும் ஆபத்து, வடிக்காவிட்டாலும் ஆபத்து. பீட் மண்ணில் செம்பனைக்கு நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பின் வழிகாட்டி. இந்தோனேசியா இன்னும் கறாராக 40 சென்டிமீட்டர் என்று சட்டமே போட்டது.

இங்கேதான் மழையையும் நீர்மட்டத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு நீர் புகும் காலியிடம் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் மழை முழுவதும் உள்ளே இறங்கினால் நீர்மட்டம் 50 மில்லிமீட்டர் உயரும். செம்பனைத் தோட்டம் ஒரு நாளில் சுமார் 4 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கிவிடும். இரண்டு வாரம் மழை இல்லையென்றால் 56 மில்லிமீட்டர் போச்சு. அதே கணக்கில் நீர்மட்டம் 28 சென்டிமீட்டர் இறங்கும். 50-இல் இருந்தது 78-க்குப் போய்விடும், மதகு வழியாக ஒரு சொட்டுகூட வெளியேறாமலே! மதகையும் திறந்துவைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். மழை நின்ற பிறகு மதகை மூட ஓடுவது, சம்பளம் செலவான பிறகு பட்ஜெட் போடுகிற கதைதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், வட சிலாங்கூர் பீட் காட்டில் இந்தப் பாடத்தைத் தீ கற்றுக்கொடுத்தது. ராஜா மூசா வனத்தில் 2008 முதல் மாநில வனத்துறையும் குளோபல் என்வைரன்மெண்ட் சென்டர் அமைப்பும், பழைய கால்வாய்களை ஊர் மக்கள் உதவியோடு அடைத்து நீரை மறுபடி உயர்த்தி வருகின்றன.

ஆனால் என்னைக் கவர்ந்தது ஆந்திராவின் கதை. வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்கள். 2003-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு விவசாயிகளே அளக்கத் தொடங்கினார்கள். மழையைத் தினமும் அளந்தார்கள், கிணற்று மட்டத்தைப் பதினைந்து நாளுக்கொரு முறை. பருவமழை முடிந்ததும் ஊர் கூடி, மண்ணில் இவ்வளவு நீர் இருக்கிறது, நாம் போட நினைக்கும் பயிர் இவ்வளவு கேட்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். நெல்லைக் குறைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. எண்ணைப் பார்த்துப் பலர் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தோட்ட அலுவலகங்களில் மழையை அளந்து எழுதும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. ஜே.பி.எஸ். இலாகாவின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் மழை அளவு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. குறைவது மண்ணுக்குள் இருக்கும் எண்தான். சிறுதோட்டக்காரர்கள் இரண்டு மீட்டர் பி.வி.சி. குழாய் ஒன்றில் துளைகள் போட்டு, வலைத்துணி சுற்றி, இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவில் புதைத்தால் போதும். வாரம் ஒரு நாள் ஒரு குச்சியை விட்டு, நனையும் இடம்வரை அளந்து, தரைக்கு மேல் நீட்டியிருக்கும் நீளத்தைக் கழித்து, அந்த வார மழைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அக்டோபர், நவம்பர் மழையிலேயே தொடங்கிவிட்டால், பிப்ரவரி வெயிலுக்கு முன் மதகை எப்போது மூடுவது என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

குழாய்க்கு மூடி போட மறக்காதீர்கள். இல்லையென்றால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும்.