உஷார்! குப்பைமேட்டுத் தண்ணீரைச் செடிக்குப் பாய்ச்சாதீர்கள்!

குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிறீர்களா? அங்கே விளையும் கீரையை வாங்குகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்!

குப்பைமேட்டின் அடியிலிருந்து கருப்பாகக் கசிந்து ஓடுகிறதே, அதை வெறும் அழுக்குத் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். மழைநீர் குப்பைக்குள் இறங்கி, பழைய பேட்டரி, பெயின்ட், மருந்து என்று எல்லாவற்றிலும் ஊறி வெளியே வருகிறது. அதில் அம்மோனியா உண்டு. உப்பு உண்டு. ஈயம், காட்மியம், நிக்கல், குரோமியமும் இருக்கலாம். பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரி பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டிய இடங்களின் அருகே கிணற்று நீரையும் நம்பிவிடாதீர்கள்.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். கோடையில் கிணறு வற்றியது. கிடங்கு ஓரத்து வாய்க்காலில் மோட்டார் போட்டார்கள். கீரை கரும்பச்சையாகத் தளதளவென்று வந்தது. "நல்ல உரத் தண்ணி" என்று சந்தோஷப்பட்டார்கள். வீட்டிலும் சமைத்தார்கள், சந்தையிலும் விற்றார்கள். பிறகு இலை ஓரம் கருகியது. மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அடுத்து போட்ட விதை முளைக்கவே இல்லை.

அந்தப் பச்சையை நம்பாதீர்கள்! அது அம்மோனியா தரும் தழைச்சத்து. கூடவே வரும் காட்மியம் கண்ணுக்குத் தெரியாது. கீரை அதை எளிதில் உறிஞ்சும். கழுவினாலும் போகாது. வேகவைத்தாலும் போகாது. சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஜப்பானின் டொயாமாவில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுநீர் நெல்வயலில் பாய்ந்தது. அந்த அரிசியைத் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு முறிந்தது. காரணம் காட்மியம்தான் என்று 1968-இல் அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது.

இவற்றைக் கண்டால் உடனே நிறுத்துங்கள்:

• தண்ணீர் கருப்பாகவோ பழுப்பாகவோ இருப்பது, நுரைப்பது
• மூக்கை எரிக்கும் அம்மோனியா வாடை
• மண்மேல் வெள்ளைப் படலம்
• இலை நுனி, ஓரம் கருகுவது
• பாய்ச்சியவர் கைகாலில் அரிப்பு

இதில் எதுவுமே தெரியாவிட்டாலும் ஆபத்து இருக்கலாம்!

"ஸ்வீடனில் குப்பைமேட்டுத் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்களே" என்பீர்கள். அங்கே விறகுக்கு வளர்க்கும் வில்லோ மரங்களுக்கு, சோதித்து, அளந்து விடுகிறார்கள். உங்கள் வீட்டுச் சோற்றுக்கு அல்ல!

ஏற்கெனவே பாய்ச்சிவிட்டீர்களா? அந்த விளைச்சலைத் தின்னாதீர்கள், விற்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். மண்ணையும் நீரையும் சோதனைக்குக் கொடுங்கள். ஈயம், காட்மியம் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். சாதாரண மண் பரிசோதனையில் அவை வராது. பக்கத்துத் தோட்டக்காரரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்!