நீரிழிவு: தணிந்ததா, தீர்ந்ததா?

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

“சக்கரை போயிடுச்சு! இனிமே மாத்திரையும் வேணாம், டெஸ்டும் வேணாம்” என்று சொல்லியபடி, இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் ஆட்டிக்கொண்டே என் தந்தையார் வீட்டிற்குள் நுழைந்த அந்த மாலைப்பொழுது இன்றும் என் கண்முன் நிற்கிறது. வள்ளூரில் எங்கள் தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் அன்று அம்மா கேசரி கிளறிக் கொடுத்தார். ஒன்றரை ஆண்டுகள் சென்றன. கால் விரலில் ஆறாத புண்ணோடு தந்தையாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அன்று அவருடைய இரத்தச் சர்க்கரை 312.

போன சர்க்கரை திரும்பி வந்ததா? அல்லது அது போகவே இல்லையா? அன்று முதல் இக்கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் படித்தவற்றையே மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நோயின் தன்மை

நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அதனை உயிரணுக்களுக்குள் செலுத்தும் திறவுகோல், கணையம் சுரக்கும் இன்சுலின். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அந்நோயாளிகள் இன்சுலின் ஊசியை ஒருபோதும் நிறுத்தலாகாது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று.

நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. நாளடைவில் கணையமும் களைத்துப் போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது.

தணிவுக்கு இலக்கணம்

“சர்க்கரை போய்விட்டது” என்று ஒருவர் சொன்னால் அதனை எப்படி அளப்பது? மருத்துவ உலகிலும் இதில் நெடுநாள் ஒருமித்த கருத்து இல்லை. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ் நீரிழிவு அமைப்புகளைச் சேர்ந்த வல்லுநர்கள் கூடி ஓர் இலக்கணம் வகுத்தனர். சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகள் அனைத்தையும் நிறுத்திக் குறைந்தது மூன்று மாதங்கள் சென்றபின் பார்க்கும்போது, ஹெச்பிஏ1சி என்னும் அளவு 6.5 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால் அது ‘தணிவு நிலை’.

அவர்கள் ‘குணம்’ என்ற சொல்லையும் ‘மீட்சி’ என்ற சொல்லையும் வேண்டுமென்றே தவிர்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது. நோய்க்கு அடிப்படையான குறை உடலில் தங்கியே இருக்கிறது. எடை கூடினால், உழைப்பு குறைந்தால், வேறு நோய் வந்து தாக்கினால் சர்க்கரை மீண்டும் தலைதூக்கும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுபோன்றதே இந்த நிலை.

மூன்று மாதம் எதற்கு?

இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. அதனுள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டுவதே ஹெச்பிஏ1சி. நம் வகுப்பறை வழக்கில் சொன்னால், காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை ஒரு நாள் வைக்கும் திடீர்த் தேர்வு. ஹெச்பிஏ1சியோ மூன்று மாத வருகைப் பதிவேடு. முதல்வர் வரும் நாளில் மட்டும் முன் வரிசையில் அமர்ந்தவனைப் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும்!

ஆகவே, மாத்திரை விழுங்கிக்கொண்டே 6.2 வந்தால் அது நல்ல கட்டுப்பாடு. தணிவு நிலை ஆகாது. மாத்திரையை நிறுத்திய மறுவாரமே பார்த்து 6.2 வந்தாலும் அது தணிவு அன்று. மாத்திரை உண்ட நாள்களின் கணக்கே அதில் பெரும்பாலும் பதிந்திருக்கும்.

பதிவேடும் சில வேளைகளில் பிழைபடும். இரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிவப்பணு விரைவில் அழியும் நோயுடையவர்கள் ஆகியோருக்கு ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-க்குக் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு.

எப்படித் தணிகிறது?

தணிவு என்பது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர், 11 நோயாளிகளுக்கு எட்டு வாரங்கள் நாளொன்றுக்கு 600 கலோரி அளவே உணவளித்து ஆராய்ந்தார். ஒரே வாரத்தில் அவர்களின் காலைநேரச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தது. கல்லீரலில் படிந்த கொழுப்பு முதலில் கரைந்தது; கணையத்தில் படிந்தது அதன்பின் குறைய, இன்சுலின் சுரப்பு மெல்லத் திரும்பியது. அந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது.

பின்னர் அவரும் கிளாஸ்கோப் பேராசிரியர் மைக் லீனும் 306 பேரைக் கொண்டு பெரிய ஆய்வொன்றை நடத்தி 2017-இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினர் மூன்று முதல் ஐந்து மாதங்கள் வழக்கமான உணவை விட்டு, சுமார் 850 கலோரி தரும் சத்துப் பானங்களையே உட்கொண்டனர். ஓராண்டின் முடிவில் அவர்களில் நூற்றுக்கு 46 பேர் தணிவு நிலை எய்தினர். வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 4 பேரே எய்தினர். 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைந்தவர்களுள் 86 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆயிற்று. நம்பிக்கை, எச்சரிக்கை ஆகிய இரண்டையும் இந்த எண்கள் ஒருங்கே உணர்த்துகின்றன.

அந்த ஆய்வில் பங்கேற்றோர் பெரும்பாலும் பருத்த உடலுடைய வெள்ளையர், நோய் வந்து ஆறாண்டுகளுக்கு உட்பட்டவர், இன்சுலின் போடாதவர். அம்முடிவை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. நம்மவர்களுக்கு மெலிந்த உடலிலும் நீரிழிவு வருகிறது. மேலும், மருத்துவர் துணையின்றி இத்தகைய கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இறங்குவது ஆபத்து.

நம் வட சென்னையில்

இத்துறையில் நம் பகுதிக்கும் ஒரு பெருமை உண்டு. டாக்டர் எம். விசுவநாதன் 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கினார். பின்னாளில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு, நோயின் வாயிலில் நின்ற 531 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மூன்றாண்டுகளில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆயினர். நடையும் உணவு ஒழுங்கும் கடைப்பிடித்த பிரிவில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. நோயை வராமல் தள்ளி வைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

அதே 1954-ஆம் ஆண்டில்தான், நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் நான் கல்லூரிக்கு வரும் மின்சார ரயிலில், “ஒரு மண்டலத்தில் சர்க்கரை வேரோடு போகும்” என்னும் துண்டறிக்கைகள் இன்றும் கண்ணில் படுகின்றன!

தந்தையாருக்கு நேர்ந்தது

என் தந்தையார் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு பகல் மாறி மாறி ஷிப்டு வேலை. நோய் தெரிந்தபின் மாத்திரை உண்டார், விடியலில் நடந்தார், சோற்றைப் பாதியாக்கினார், பதினொரு கிலோ இளைத்தார். அதன் பயனே அந்தத் தாளில் இருந்த 6.2. ஆனால் அது மாத்திரையோடு வந்த 6.2. அதன்பின் யாரையும் கேளாமல் மாத்திரையை நிறுத்தினார், பரிசோதனையையும் நிறுத்தினார். “போன நோய்க்கு எதற்குக் கூலி நாளை வீணாக்குவது?” என்பதே அவர் வாதம்.

அவருக்கு நோய் உண்மையிலேயே சில மாதங்கள் தணிந்திருந்ததா? இன்று யாராலும் சொல்ல முடியாது. பார்த்திருந்தால் அல்லவா தெரியும்! தணிவு நிலை எய்தியவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டும். கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். முன்னர் உயர்ந்திருந்த சர்க்கரை விதைத்த கேடு பின்னரும் வளரக்கூடும். மாத்திரையை நிறுத்தலாமா என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தந்தையாரின் புண் இரண்டு மாதங்களில் ஆறியது. விரல் தப்பியது. மீண்டும் மாத்திரை உண்கிறார், மீண்டும் நடக்கிறார். எங்கள் வீட்டு நாள்காட்டியில் அடுத்த பரிசோதனை நாளை அம்மா சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒருவர் “சர்க்கரை போய்விட்டது” என்று மகிழ்ந்து சொல்லலாம். அம்மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம். அன்போடு இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: “மாத்திரையை டாக்டர் நிறுத்தி எத்தனை மாதம் ஆயிற்று? கடைசியாக எப்போது டெஸ்ட் பார்த்தீர்கள்?” அன்று கேசரித் தட்டோடு தெருவில் ஓடிய நான் இவற்றைக் கேட்டிருக்க வேண்டும்.