புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

மீன்தொட்டியில் வெள்ளைப்புள்ளியைக் கண்டதும் நம் வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்கு ஓடி நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ ஒரு குப்பி வாங்கி வந்து நான்கைந்து சொட்டு விடுகிறோம். மூன்றாம் நாள் புள்ளி மறைகிறது, மருந்தை நிறுத்திவிடுகிறோம். அடுத்த வாரம் தொட்டியிலுள்ள அத்தனை மீனிலும் புள்ளி. அப்புறம் ஒவ்வொன்றாகச் சாகிறது. பழியைத் தண்ணீர் மேல் போடுகிறோம், அல்லது ராசி மேல்.

மீனின் மேல் ரவை தூவியதுபோல் தெரிவது இக்தியோஃப்திரியஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. மீன் வளர்ப்போர் சுருக்கமாக ‘இக்’ என்பார்கள். அது மீனின் தோலுக்கு அடியில், செவுளுக்குள் புகுந்து தின்று பருக்கிறது. அங்கே இருக்கும்வரை தொட்டியில் விடும் மருந்து எதுவும் அதைத் தொடாது. பருத்ததும் தானாகவே மீனை விட்டு வெளியேறி, அடியிலுள்ள சரளையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. நமக்குப் புள்ளி மறைவது இந்தக் கட்டத்தில்தான். கூட்டுக்குள் அது பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகி நீந்தி வெளிவருகிறது. இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். மருந்துக்கு மாட்டுவதும் அந்த நீந்தும் பருவம் மட்டுமே.

அதனால் மருந்தை நிறுத்தும் நாளைப் புள்ளியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 25 டிகிரி வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் சட்டென்று குளிரும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்து நோய் தலைதூக்குவதும் வழக்கம். மருந்தை அதன் அட்டையில் சொன்ன இடைவெளியில், குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாளாவது விடாமல் தர வேண்டும். தினமும் சைஃபன் குழாயால் அடித்தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் கூடுகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தையே உறிஞ்சிக்கொள்ளும். ஹீட்டர் இருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 30 வரை ஏற்றலாம், ஆனால் தங்கமீனுக்கு இது ஒத்துவராது. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். தொட்டியைக் காலி செய்து சோப்பு போட்டுக் கழுவுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியா அழிந்து, நோயில் தப்பிய மீனை அம்மோனியா கொன்றுவிடும்.

மருந்தின் அளவுக்கு வருவோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி முழுக்க நிரம்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். சரளையும் மேலே விட்ட இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். கல் உப்பு என்றால் லிட்டருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம். தனியே கரைத்து இரண்டு மூன்று தவணையாக ஊற்றலாம். கெளுத்தி வகை மீன்களும் நீர்ச்செடிகளும் உப்பைத் தாங்குவது கடினம். உப்புக்கு இப்படிக் கணக்கு போட முடிகிறது. பெயரில்லாத குப்பியில் உள்ள திரவத்துக்கு எப்படிப் போடுவது?

என் பெரிய மனக்குறை இதில்தான். மெத்திலீன் புளூவா, மலகைட் கிரீனா, ஃபார்மலினா, எத்தனை சதவீதம் என்று எதுவும் எழுதாமல் சில்லறையாக ஊற்றித் தருகிறார்கள். மலகைட் கிரீனை உணவுக்கான மீனில் பயன்படுத்தப் பல நாடுகள் தடை விதித்துள்ளன. ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை இல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில்கூட வர வேண்டாம். டெட்ராசைக்கிளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டச் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. அது பாக்டீரியாவுக்கான மருந்து, இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வாங்கும் பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றை அறிவது நம் உரிமை என்கிறது. லேபிள் இல்லாத குப்பியை மறுக்க இதுவே போதும். மீனுக்கும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் அதே சட்டம் நேர்மையற்ற வணிக முறையாகக் கருதுகிறது. ‘விற்ற மீன் திரும்பப் பெறப்படாது’ என்று அட்டை மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடத் தேவையில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. முப்பது ரூபாய் மோலிக்காக யாரும் ஆணையம் ஏறப்போவதில்லை. ஆயிரக்கணக்கில் விலைபோகும் டிஸ்கஸ், அரவானா, கோய் வாங்கியவருக்கு இது உதவும்.

கடைக்காரர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “உங்க தொட்டியிலதான் வந்திருக்கும் சார்.” அதை மறுக்க ஒரே வழி, புதிய மீனை இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைப்பது. புதிதாக நிரப்பிய தண்ணீர், தனி வலை, சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வேறு மீன் இல்லாத அந்தத் தொட்டியில் சில நாளில் புள்ளி வந்தால், அது மீனோடுதான் வந்தது. தேதி தெரியும்படி படமும் காணொளியும் எடுத்து வையுங்கள். பழைய மீன்களும் பிழைக்கும், கையில் ஆதாரமும் இருக்கும். வாங்கும் முன்பே கடையைக் கவனியுங்கள். ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் விட்டு எடுக்கிறார்களா? மீன்கள் கல்லில் உடலைத் தேய்க்கின்றனவா? மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்குகின்றனவா? செவுளில் மட்டும் ஒட்டுண்ணி இருந்தால் புள்ளி வெளியே தெரியாது.

பத்து நாளாகியும் குறையவில்லை என்றால் அது இக் ஆக இல்லாமலும் இருக்கலாம். நூல்போல் தொங்கும் நங்கூரப் புழு, தட்டையாக ஒட்டியிருக்கும் மீன் பேன், செவுள் புழு ஆகியவற்றுக்கு மருந்து வேறு. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்தில் மீன்நோய் ஆய்வகம் இருக்கிறது. அங்கே செத்து நாறிய மீனைக் கொண்டு போகாதீர்கள். நோயுற்று இன்னும் உயிரோடு இருக்கும் மீனை அதே தொட்டித் தண்ணீரில் விட்டு, வேறொரு குப்பியில் தண்ணீர் மாதிரியும் எடுத்துக்கொண்டு, பயன்படுத்திய மருந்தின் லேபிளோடு போங்கள். மீன் செத்த சிறிது நேரத்திலேயே பல ஒட்டுண்ணிகள் உடலை விட்டுப் போய்விடும். நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.