பைட்டு ஓடையும் எழுத்தின் முழுமையும்

ஐதராபாத்தின் அமீர்பேட், ஜாவா முதலிய நிரல்மொழிகளைக் குறுகிய காலத்தில் கற்பிக்கும் பயிற்சி நிறுவனங்கள் செறிந்த பகுதியாகும். இத்தகைய நிரல்மொழிகளில் கணினிகளுக்கிடையே செய்தி பரிமாறப் பயன்படும் இணைப்பு முனை சாக்கெட் எனப்படும். தமிழில் இதனைப் பொருத்துவாய் எனலாம். பொருத்துவாயைத் தன்னுள் அடக்கி, வரும் தரவை இடையகத்தில் சேர்த்துவைத்து வழங்குமாறு நிரலர் எழுதும் நிரற்கூறு உறை இனக்குழு ஆகும். அது தமிழ் எழுத்தின் முழுமையை எவ்வாறு காக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி இயக்க முறைமையின் வழியே பொருத்துவாய் பரவலாயிற்று. இது பெரும்பாலும் டிசிபி நெறிமுறையின்மீது இயங்குவது. டிசிபி பைட்டுகளின் வரிசையை மாற்றாது. எனினும் ஒரே முறையில் அனுப்பப்பட்ட செய்தி ஒரே துண்டாக வந்து சேரும் என்னும் உறுதியை அது தருவதில்லை. ஓலைச்சுவடியில் ஏட்டின் விளிம்பு சொல்லின் எல்லை அன்று. பதிப்பாசிரியர் அடுத்த ஏட்டையும் சேர்த்தே சொல்லைப் பிரிப்பர். துண்டாக வரும் தரவுக்கும் இஃது ஒக்கும்.

கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யுடிஎஃப்-8 முறையில், ஒருங்குறியின் முதன்மைத் தமிழ்த் தொகுதியிலுள்ள குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பெறும். ‘அமீர்பேட்’ என்னும் பெயர் இலக்கண நோக்கில் ஐந்து எழுத்துகளை உடையது. ஒருங்குறியிலோ உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது ஒன்பது குறியீடுகள்; பைட்டுகளோ 27.

இப்பெயரின் முதல் பத்துப் பைட்டுகள் மட்டும் முதற்கண் வந்தன எனக் கொள்வோம். அவற்றுள் ‘அமீ’ முழுமையாக அமையும். பத்தாவது பைட்டு ரகரத்தின் முதற்பகுதி. வந்த துண்டை அப்போதே உரையாக மாற்றினால், ரகரம் அழிந்து பதிலிக் குறிகள் தோன்றும். அடுத்த துண்டிலுள்ள புள்ளியும் தன் மெய்யை இழக்கும். பன்னிரண்டு பைட்டுகளில் வெட்டுண்டால் குறியீடு எதுவும் சிதையாது. ஆயினும் முதற்றுண்டு ‘அமீர’ என அகரம் ஏறி நிற்கும். புள்ளி அடுத்த துண்டில் வரும். பின்வருவதை நோக்கியே மெய்யோ உயிர்மெய்யோ எனத் துணிய இயலும்.

ஆகவே உறை இனக்குழு பைட்டுகளைப் பைட்டுகளாகவே இடையகத்தில் வைத்திருத்தல் வேண்டும். செய்தியின் எல்லை கிட்டிய பின்னரே அவற்றை உரையாக மாற்றுதல் தகும். எல்லை வரிமுடிவுக் குறியாயின் இது எளிது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீட்டின் பைட்டுகள் அனைத்தும் 128-உம் அதற்கு மேற்பட்ட மதிப்புமே பெறுவதால், 10 என்னும் மதிப்புடைய வரிமுடிவுக் குறி எழுத்தின் நடுவே தோன்றாது.

ஆயத்தமாகக் கிடைக்கும் இடையகப் படிப்பான் இருக்கத் தனியே ஒன்றை எழுதுவது ஏன் என்னும் வினா எழலாம். ஜாவாவின் பஃபர்டு ரீடர் தலைப்பு வரிகளைப் படிக்கும்பொழுதே செய்தியின் உடற்பகுதியையும் முன்கூட்டி இழுத்துக்கொள்ளக்கூடும். பின்னர்ப் பொருத்துவாயிலிருந்து நேரே படிப்பவருக்கு அப்பைட்டுகள் கிட்டா. வரியாகப் படித்தல், குறித்த எண்ணிக்கைப் பைட்டுகளைப் படித்தல் ஆகிய இரண்டையும் ஒரே இடையகத்திலிருந்து செய்யும் இனக்குழு இவ்விழப்பைத் தவிர்க்கிறது. இணைப்பு இடையில் அறுந்தால், எஞ்சிய பைட்டுகளை முழுச் செய்தியென வழங்காது பிழையென அறிவித்தலும் அதன் கடமையாகும்.

எல்லை நீள எண்ணால் குறிக்கப்படுமாயின், எதன் எண்ணிக்கை என்பது தெளிவாக வேண்டும். எச்டிடிபி நெறிமுறையில் உடற்பகுதியின் நீளம் பைட்டுகளால் குறிக்கப்படுகிறது. ‘அமீர்பேட்’ என்பதற்கு 27 என்னாது குறியீடுகளின் எண்ணிக்கையாகிய 9 என அறிவித்தால், பெறுபவர் ‘அமீ’ என்பதோடு நிறுத்துவார். எஞ்சிய 18 பைட்டுகள் அடுத்த செய்தியின் தொடக்கமாகப் பிழைபடக் கொள்ளப்படும்.

மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு இங்கேதான் அமைகிறது. நிரலாக்க நூல்களில் வரும் ‘கேரக்டர்’ என்னும் சொல்லை எங்கும் ‘எழுத்து’ எனப் பெயர்த்தால், ஐந்தும் ஒன்பதும் மயங்கும். எழுத்து, குறியீடு, பைட்டு என மூன்று அளவைகளையும் மூன்று சொற்களால் வேறுபடுத்தி வழங்குவதே பொருத்தமாகும். கலைச்சொல் தெளிவு இங்கு நடைச் சிறப்புக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. செய்தி சிதையாது சென்று சேர்வதும் அதனைச் சார்ந்தே உள்ளது.