மாரிகுப்பம் வண்டியும் செல்போன் பொட்டலமும்

1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. தங்கத்துக்காகப் போட்ட பாதை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து அதே பாதையில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஓடும் வண்டியிலிருந்து வீட்டுக்குப் பேசினால் குரல் அறுந்து அறுந்து வருகிறது. அம்மாவின் மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினாலோ, தாமதமானாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்து சேருகிறது. ஒரே போன், ஒரே கோபுரம், ஏன் இப்படி?

போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலுள்ள ஆகாய வழியைக் காப்பது தரவு இணைப்பு அடுக்கு. 4ஜியில் அதற்குள் மூன்று பேர்: மேக், ஆர்எல்சி, பிடிசிபி.

மேக் என்பவர் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி. டோக்கன் முறையுள்ள ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார் அல்லவா? அதுபோல எந்தப் போன் எந்த அலைத்துண்டில் பேசலாம் என்பதைக் கோபுரத்திலுள்ள மேக் மில்லி செகண்டுக்கு ஒருமுறை தீர்மானிக்கிறது. பொட்டலம் சிதைந்து வந்தால் எறிந்துவிடுவதில்லை. மறுபடி அனுப்பச் சொல்லி, பழையதையும் புதியதையும் சேர்த்துப் படிக்கிறது. எஃப்டிடி வகை 4ஜியில் இந்த மறுபடி அனுப்புதல் 8 மில்லி செகண்டில் நடந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அதிலும் தப்பியதை ஆர்எல்சி பார்க்கிறது. பொட்டலங்களுக்கு எண் உண்டு. எந்த எண் வரவில்லை என்று எதிர்முனை அறிக்கை அனுப்பும். ரயில்வேயில் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் பேசி உறுதிசெய்யும்போது பிரைவேட் நம்பர் கொடுப்பார்கள். நம்பர் இல்லாத வாக்குச் செல்லாது. மருந்துச் சீட்டுக்கு இந்தக் கண்டிப்பு உண்டு. 4ஜி குரல் அழைப்புக்கு ஆர்எல்சி இதைச் செய்வதில்லை. அரை நொடி பிந்தி வரும் அசை யாருக்கு வேண்டும்? போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறது. குரல் அறுவது அதனால்தான்.

பிடிசிபி பொட்டலத்தைப் பூட்டி அனுப்பும். குரலின் 40 பைட் தலைப்பைச் சில பைட்டாகச் சுருக்கும். வண்டி ஒரு கோபுரத்தை விட்டு அடுத்ததற்குப் போகும்போது, சேராத தரவுப் பொட்டலங்களைப் புதிய கோபுரம் வழியாக வரிசை தவறாமல் சேர்ப்பதும் அதன் வேலையே.

காலை வண்டியில் நூற்றுக்கணக்கான போன்கள் ஒன்றாக ஒரே கோபுரத்தில் போய் விழுகின்றன. இருக்கும் அலைத்துண்டுகளை மேக் அத்தனை பேருக்கும் பங்கிட வேண்டும். போனில் தெரியும் கோடுகள் சிக்னலின் பலத்தைத்தான் காட்டும், கூட்டத்தைக் காட்டா. எல்லாக் கோடும் இருந்தும் படம் நகராவிட்டால், புதுப் போன் வாங்கிப் பயனில்லை. வண்டி அந்த இடத்தைத் தாண்டட்டும்.